பெயரில்லாத கிண்ணங்கள்

1

ஜப்பானியர் சோற்றுக் கிண்ணத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டு குனிந்து சாப்பிடுவதில்லை. இடது கையில் ஏந்தி, வாயருகே கொண்டுவந்து, குச்சிகளால் சாப்பிடுகிறார்கள். எனவே அந்தக் கிண்ணம் கண்ணுக்கு மட்டும் ஆனதல்ல. உள்ளங்கைக்கும் உதட்டுக்கும் ஆனது. அடியிலுள்ள சிறு வளையம் சூடு நேரே கைக்கு ஏறாமலிருக்கவும், விரல் பற்றிக்கொள்ளவும் ஏற்பட்டது. கனம் கூடினால் கை வலிக்கும். மிகவும் மெலிந்தால் சூடு தாங்காது. விளிம்பு தடித்தால் உதடு ஒப்பாது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் அவரவர் கிண்ணம், அவரவர் குச்சிகள். கணவனுக்குச் சற்றுப் பெரியது, மனைவிக்குச் சற்றுச் சிறியது என்று ஜோடியாக விற்கும் வழக்கமும் உண்டு. ஒரு கிண்ணம் யாருடையது என்பது அந்த வீட்டில் குழந்தைக்கும் தெரியும். அதைச் செய்தவன் யார் என்பது யாருக்கும் தெரியாது.

இந்தத் தெரியாமையைக் குறையாகக் கொள்ளாமல், அழகின் ஊற்றாகவே கொண்டு ஒரு சித்தாந்தத்தை நிறுவியவர் யனாகி ஸோயெட்சு (1889-1961). தன் பெயரை நிலைநாட்ட விரும்பும் கலைஞனுக்குக் கிட்டாத அழகு, பெயரற்ற கைவினைஞன் கூலிக்கு நூற்றுக்கணக்கில் செய்து தள்ளிய மலிவான கிண்ணத்தில் தானாக வந்து அமைகிறது என்றார் அவர். கையெழுத்துக்கும் தனித்துவத்துக்கும் நவீன விமர்சனம் கொடுத்துவந்திருக்கும் இடத்தை இது நேராக அசைக்கிறது. அலட்சியப்படுத்திவிடக்கூடிய வாதமல்ல. ஆனால் வாதம் செய்தவருக்குப் பெயர் இருந்தது. பெயரற்றவர்கள் எனப்பட்டவர்கள் இதில் பேசவில்லை. பெயரின்மை என்பது பொருளில் இருக்கும் குணமா, அல்லது அதைப் பார்க்கிறவன் நிற்கும் இடத்தின் விளைவா? ஜப்பானிய உணவுப் பாத்திரங்களின் சரித்திரத்தை இந்த ஒரு கேள்வியோடு அணுகிப் பார்க்கலாம்.

2

யனாகி ஒரு சிறு பத்திரிகைக்காரர். பிரபு வம்சத்துப் பிள்ளைகளுக்கான காக்குஷூயின் பள்ளியில் படித்த இளைஞர்கள் சிலர் 1910-ல் ஆரம்பித்த ‘ஷிரகபா’ பத்திரிகையின் குழுவைச் சேர்ந்தவர். ரோடின், செஸான், வான்கோ ஆகியோரை ஜப்பானிய வாசகனுக்கு அறிமுகப்படுத்தியதில் அந்தப் பத்திரிகைக்குப் பெரும் பங்கு உண்டு. 1923-ல் டோக்கியோவைத் தரைமட்டமாக்கிய பூகம்பத்தோடு அது நின்றது. அதில் எழுதியவர்களின் மதம் தனித்துவம். யனாகியும் ஆரம்பத்தில் அதே மதம்தான். 1914-ல் அவர் வெளியிட்ட பெரிய புத்தகம் வில்லியம் பிளேக்கைப் பற்றியது. பிளேக்கின்பால் அவரைத் திருப்பியவர் அப்போது ஜப்பானில் வாழ்ந்துகொண்டிருந்த ஆங்கிலேயர் பெர்னார்ட் லீச். மட்பாண்டம் பற்றி யனாகி அந்நாளில் பெரிதாக ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

‘ஷிரகபா’ குழுவினர் ரோடினுக்கு ஜப்பானிய அச்சுப் படங்களை அனுப்ப, பதிலுக்கு ரோடின் மூன்று சிறு வெண்கலச் சிற்பங்களை அனுப்பியிருந்தார். அவை அபிகோவில் யனாகியின் வீட்டில் இருந்தன. 1914-ல் அவற்றைப் பார்க்க ஒருவர் வந்தார். கொரியாவில் பள்ளி ஆசிரியராக இருந்த அஸகாவா நோரிடாகா. கையுறையாக ஒரு கொரிய ஜாடியைக் கொண்டுவந்தார். பட்டை தீட்டினாற்போன்ற பக்கங்கள் கொண்ட வெள்ளைப் பீங்கான். அதில் நீல நிறத்தில் சில புல் கீற்றுகள். வந்தவர் ரோடினைப் பார்த்தார். வீட்டுக்காரர் ஜாடியைப் பார்த்தார். ஐரோப்பிய மேதையின் பெயர் பொறித்த சிற்பம் ஒருபுறம், யார் செய்ததென்றே தெரியாத ஜாடி மறுபுறம். யனாகியின் பிற்கால எழுத்து முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையில் நடந்த விவகாரம் எனலாம்.

1916-ல் அவர் முதன்முறையாகக் கொரியாவுக்குப் போனார். 1910 முதல் கொரியா ஜப்பானின் காலனி. 1919 மார்ச்சில் எழுந்த சுதந்திரக் கிளர்ச்சியை ஜப்பானிய ராணுவமும் போலீசும் ரத்தத்தில் அடக்கியபோது, யனாகி கொரியர்களுக்காக ஜப்பானியப் பத்திரிகையில் பகிரங்கமாக எழுதினார். 1922-ல் ஸியோல் அரண்மனையின் முன்வாசலான குவாங்ஹ்வாமுன்னை இடிக்க இருந்த திட்டத்தை எதிர்த்து எழுதினார். வாசல் இடிபடாமல் இடம் மாற்றி வைக்கப்பட்டது. 1924-ல் நோரிடாகாவுடனும் அவர் தம்பி தகுமியுடனும் சேர்ந்து அதே அரண்மனைக்குள் கொரிய மக்கள் கலைக் காட்சியகம் ஒன்றைத் திறந்தார். ஆளும் இனத்தைச் சேர்ந்த ஒருவர் இதைச் செய்ததற்குத் தைரியம் வேண்டும், அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அவர் எழுதியதில் ஒரு பார்வை இருந்தது. கொரியக் கலங்களின் நீண்ட கோட்டிலும் வெண்மையிலும் அவர் சோகத்தைக் கண்டார். பிறர் படையெடுத்துப் படையெடுத்து மிதித்த இனத்தின் துயரம் அந்தக் கோட்டில் வழிகிறது என்றார். பிற்காலக் கொரிய விமர்சகர்கள் இதை ஏற்கவில்லை. ஒரு இனத்தின்மேல் திணிக்கப்பட்ட துன்பத்தை அந்த இனத்தின் இயல்பாகவே மாற்றிவிடும் அழகியல் இது என்றார்கள். வெண்மை சோகமென்று யார் சொன்னது, எங்கள் கலங்களில் கேலியும் துள்ளலும் இல்லையா என்று கேட்டார்கள். நேசிக்கிறவனின் கண்ணுக்கும் ஆள்கிறவனின் கண்ணுக்கும் இடையிலுள்ள தூரம் சில சமயம் மிகக் குறைவு.

3

‘மிங்கெய்’ என்ற சொல் 1925 இறுதியில் பிறந்தது. யனாகியும், குயவர்களான ஹமாடா ஷோஜியும் (1894-1978) கவாய் கன்ஜிரோவும் (1890-1966) ஒரு பிரயாணத்தின்போது இதை உருவாக்கினார்கள். மக்களின் கைவினை என்று பொருள். அதற்குமுன் இந்தப் பொருள்களைக் குறிக்க மரியாதையான சொல் கிடையாது. சந்தைக்காரர்கள் ‘சாதாரணச் சாமான்’ என்ற அர்த்தத்தில் ஒரு சொல்லை வைத்திருந்தார்கள். 1931-ல் ‘கோகெய்’ என்ற பத்திரிகை தொடங்கியது. கையால் செய்த காகிதம், கையால் நெய்த துணி அட்டை என்று பத்திரிகையே ஒரு கைவினைப் பொருளாக 1951 வரை, 120 இதழ்கள் வந்தது. 1936-ல் டோக்கியோவின் கோமபா பகுதியில் ஜப்பானிய மக்கள் கலைக் காட்சியகம் திறக்கப்பட்டது. பணம் கொடுத்தவர் பஞ்சாலை முதலாளி ஓஹரா மகோஸபுரோ. யந்திர நெசவில் சேர்ந்த செல்வம் கை நெசவுக்கும் கைக் கிண்ணத்துக்கும் கோவில் கட்டியது.

ரஸ்கின், வில்லியம் மோரிஸ் ஆகியோரின் சிந்தனை இதற்குப் பின்னால் இருக்கிறது, யனாகி அந்தக் கடனை எவ்வளவு குறைத்துச் சொன்னாலும். அதே மோரிஸிடமிருந்து புறப்பட்டு ஆசியாவுக்கு வந்த இன்னொருவர், கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. சிங்களவரின் மத்தியகாலக் கலை பற்றிய அவருடைய புத்தகம் 1908-ல், மோரிஸ் சாஸரை அச்சிட்ட அதே கை அச்சு யந்திரத்தில் அச்சானது. குமாரசுவாமியும் மரபுக் கலைஞனின் பெயரின்மையைப் போற்றியவர்தான். ஆனால் அந்தப் புத்தகத்தில் அவர் கைவினைஞன் எந்த நிலத்தை எந்த ஊழியத்துக்காக அனுபவித்தான், யாருக்குக் கட்டுப்பட்டான் என்பதையும் எழுதுகிறார். யனாகியிடம் இந்தக் கணக்கு பெரும்பாலும் இல்லை. அவர் கிண்ணத்தைப் பார்க்கிறார், கூலியைப் பார்ப்பதில்லை.

அவர் பார்த்த கிண்ணங்களுள் பிரசித்தமானது ‘கிஸயெமோன் இடோ’. 16-ம் நூற்றாண்டுக் கொரியக் கிண்ணம். கிஸயெமோன் என்பது அதைச் செய்தவன் பெயரல்ல. வைத்திருந்த ஓஸகா வியாபாரியின் பெயர். வைத்திருப்பவர்களுக்குக் கட்டிகள் வரும் என்ற அபவாதத்தோடு கைமாறி, பெரும் விலைக்குத் தேநீர்க் கலை வல்லுநரான மட்ஸுதைரா ஃபுமாய் என்ற பிரபுவிடம் வந்தது. அவர் குடும்பம் 1818-ல் கியோட்டோவின் டைடோகுஜி மடத்தைச் சேர்ந்த கோஹோ-அன்னுக்கு அதைக் கொடுத்துவிட்டது. இன்று அது ஜப்பானின் தேசியப் பொக்கிஷம். 1931-ல் யனாகி அதைப் பார்க்கப் போனார். பெட்டிக்குள் பெட்டியாக ஐந்து பெட்டிகள், கம்பளி, ஊதாப் பட்டு; அவற்றுக்குள்ளிருந்து வந்தது மிகச் சாதாரணமான ஒரு கிண்ணம். ஏழைக் கொரியன் சோறு தின்ற கிண்ணம், அவசரத்தில் வனைந்தது, மெருகு வழிந்து அடியில் திரண்டு நிற்பது, எவரும் திரும்பிப் பார்க்காதது என்று அவர் பரவசமாக எழுதினார். திட்டமிட்டு அழகு செய்யாததே அதன் அழகு என்பது அவர் முடிவு.

பிற்கால ஆய்வாளர் சிலர் இதைச் சோற்றுக் கிண்ணம் என்றே ஒப்புவதில்லை. முன்னோர் சடங்குக்கான பாத்திரம் என்கிறார்கள். அவர்கள் சொல்வது சரியானால், கவனமில்லாமல் செய்த கவனமற்ற கையின் கதை கலைந்துபோகிறது. ஆனால் கிண்ணம் மாறிவிடவில்லை. அதே மண் நிறம், கீழே ஏறக்குறைய உடைந்த தோல்போல் திரண்ட மெருகு, உயர்ந்த அடிவளையம். யனாகியின் கண் பொய் சொல்லவில்லை. கண் கண்டதற்கு அவர் சொன்ன காரணம்தான் ஆட்டம் காண்கிறது.

4

அந்தக் கொரியக் கைகள் ஜப்பானுக்கு வந்த விதம் என்ன? 1592-லும் 1597-லும் டொயொடோமி ஹிதெயோஷி கொரியாமீது படையெடுத்தான். போர் 1598-ல் அவன் சாவோடு தோல்வியில் முடிந்தது. திரும்பிய மேற்கு ஜப்பான் பிரபுக்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. குயவர்களைக் குடும்பத்தோடு பிடித்துக்கொண்டு போனார்கள். கொரியக் கிண்ணங்களுக்குத் தேநீர்க் கூடங்களில் அவ்வளவு கிராக்கி. ஜப்பானியரே இதை ‘மட்பாண்டப் போர்’ என்று சொல்வதுண்டு. ஹாகி, அகானோ, தகடோரி, சட்சுமா எல்லாம் இப்படிக் கொண்டுவரப்பட்டவர்கள் போட்ட சூளைகள். அரிடாவில் 1616 வாக்கில் பீங்கானுக்கான வெண்கல்லைக் கண்டுபிடித்தவன் என்று மரபு சொல்லும் யி ஸாம்-பியோங்கும் அவர்களுள் ஒருவன். அவனுக்கு ஒரு ஜப்பானியப் பெயர் கொடுக்கப்பட்டது. ஜப்பானின் முதல் பீங்கான், ஆக, சிறைப்பட்ட கையின் வேலை.

சட்சுமாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஷிமாஸு பிரபு 1598-ல் எண்பது பேர் வரை கொண்டுவந்தான். நயேஷிரோகவா என்ற ஊரில் குடியமர்த்தப்பட்ட அவர்கள் கொரியப் பெயரையும் உடையையும் மொழியையும் விடக்கூடாது என்பது பிரபுவின் கட்டளை. சமஸ்தானத்துக்கு வேற்று நாட்டுக் குயவர்கள் உண்டு என்பது ஒரு பெருமை. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் இப்படி. மேய்ஜி ஆட்சியில் சமஸ்தானங்கள் ஒழிந்ததும் அதே பெயர் பாரமாயிற்று. அந்த ஊரில் பார்க் என்ற கொரியக் குடும்பப் பெயர் கொண்ட ஒருவர் 1886-ல் டோகோ என்ற சாமுராய்க் குடும்பப் பதிவை விலைக்கு வாங்கிப் பெயரை மாற்றிக்கொண்டார். அவருடைய மகன்தான் டோகோ ஷிகெனோரி. பெர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட 1941 டிசம்பரிலும், ஜப்பான் சரணடைந்த 1945 ஆகஸ்டிலும் ஜப்பானின் வெளிநாட்டு மந்திரி.

ஒருவனிடமிருந்து பெயரைப் பறித்தார்கள். மற்றவனைப் பெயரை மாற்றக்கூடாதென்று நிறுத்திவைத்தார்கள். அவன் சந்ததி பெயரை விலைக்கு வாங்கிற்று. இவர்களைப் பெயர்மீது ஆசையற்ற ஆத்மாக்கள் என்று எப்படிச் சொல்வது?

சாதாரண மக்களின் உணவுத் தட்டுக்குக் களிமண் கலம் வந்த கதையும் இங்கேதான் தொடங்குகிறது. அதுவரை அவர்கள் பெரும்பாலும் மரக் கிண்ணங்களில் சாப்பிட்டார்கள். (ரசம் போன்ற மிசோ சாறு இன்றும் மரக் கிண்ணத்தில்தான் பரிமாறப்படுகிறது.) அரிடாவின் பீங்கான் பிரபுக்களுக்கும், டச்சுக்காரர்கள் மூலம் ஐரோப்பிய அரசவைகளுக்கும் போயிற்று. பக்கத்து ஊரான ஹஸாமி வேறு வழியைப் பிடித்தது. மலைச்சரிவில் அறைக்குமேல் அறையாக ஏறும் சூளைகள் அங்கே 160 மீட்டருக்கு மேலும் நீண்டன. ஒரு தடவை மூட்டினால் பல்லாயிரம் கலங்கள். தடித்த சுவர், சாம்பல் கலந்த வெண்மை, நீலத்தில் அவசர அவசரமாக இழுத்த ஒரு கொடி அல்லது பூ. அவை ‘குரவன்கா’ கிண்ணங்கள் எனப்பட்டன. ஓஸகாவுக்கும் கியோட்டோவுக்கும் இடையே யோடோ ஆற்றில் போகும் பிரயாணப் படகுகளை ஹிரகடா அருகே சிறு ஓடங்கள் மறித்துச் சோறும் கள்ளும் விற்கும். ‘தின்ன மாட்டீங்களாடா?’ என்று கத்துவதுபோன்ற முரட்டுக் கூப்பாட்டின் சொல் அது. செய்த ஊரின் பெயரில்லை, செய்தவன் பெயரில்லை. ஓடக்காரனின் வசவு கிண்ணத்துக்குப் பெயராக நின்றுவிட்டது. மக்களின் கலம் மக்களிடம் பெயர் பெறுவது இப்படித்தான் போலிருக்கிறது.

5

டோக்கியோவுக்கு வடக்கே உள்ள மஷிகோவில் சூளை ஏற்பட்டது 1853-ல். அழகுக்குப் பேர்போன ஊரல்ல. தண்ணீர்ச் சாடி, ஊறுகாய்ச் சாடி, அரைக்கும் சட்டி, தேநீர்க் கெண்டி - எல்லாம் நகரத்து அடுப்படிக்கான சாமான்கள். அந்தக் கெண்டிகளின் பக்கத்தில் மலை, நீர், ஒரு குடிசை, இரண்டு மரம் என்று ஒரு காட்சி வரையும் வழக்கம். அதை வரைந்தவர்களில் ஒருவர் மினகாவா மஸு (1874-1960). சிறு பெண்ணாக வேலைக்கு வந்தவர். ஒரு சூளையிலிருந்து இன்னொரு சூளைக்குப் போய், எண்ணிக்கைக் கூலிக்கு, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் அதே மலையையும் அதே மரத்தையும் வரைந்தார். வாழ்நாளில் லட்சக்கணக்கான கெண்டிகள். யனாகிக்கு இவர் பெரும் சான்று. மறுபடி மறுபடி செய்வதில் ‘நான்’ தேய்ந்துபோகிறது; கை தானே வரைகிறது; அது அமிதா புத்தரின் நாமத்தை ஓயாமல் ஜெபிப்பதைப் போன்றது என்று பின்னாளில் தூய நில பௌத்தத்தின் பாஷையில் விளக்கினார்.

மறுபடி மறுபடி செய்வதன் பலனை அவர் சரியாகவே கண்டார். வேகம் தயக்கத்தை அகற்றிவிடுகிறது. தேவையில்லாத கீற்று உதிர்ந்துவிடுகிறது. சக்கரத்தின்முன் உட்கார்ந்த எவருக்கும் இது தெரியும். ஆனால் நூற்றுக்கணக்கில் வரையச் செய்தது ஜெபமல்ல, எண்ணிக்கைக் கூலி. மஸுவின் பெயர் இன்று நமக்குத் தெரிந்திருப்பதும் கவனிக்க வேண்டியது. பெயரின்மையின் உதாரணமாக எடுத்துக்காட்டப்பட்டதாலேயே அவர் பெயர் பெற்றார். அவரோடு அதே கெண்டிகளை வரைந்த மற்றப் பெண்களின் பெயர் அப்படி வெளியே வரவில்லை.

1920-ல் லீச்சுடன் இங்கிலாந்தின் ஸெயின்ட் ஐவ்ஸுக்குச் சென்று சூளை கட்டிய ஹமாடா, 1924-ல் திரும்பி இந்த மஷிகோவைத் தேர்ந்தெடுத்தார். அவ்வூர் மண் மிக உயர்ந்ததல்ல என்பது தெரிந்துதான் தேர்ந்தெடுத்தார். அவ்வூர்க் கல்லைப் பொடித்து வரும் செந்நிற மெருகையும், சாம்பல் மெருகையும் கொண்டு தட்டுகளும் கிண்ணங்களும் செய்தார். இங்கிலாந்திலிருந்து திரும்பியபின் அவர் தம் கலங்களில் முத்திரையிடவில்லை. சித்தாந்தத்துக்கு உண்மையாக இருக்க அவர் செய்த முயற்சி அது. போலித்தனமென்று தள்ளிவிட முடியாது. ஆனால் ஜப்பானில் மதிப்புள்ள கலம் மரப் பெட்டியில் விற்கப்படும். பெட்டிமேல் செய்தவர் மையால் எழுதிக் கையெழுத்திடுவார். ஹமாடாவும் பெட்டியில் எழுதினார். கிண்ணத்தில் இல்லாத பெயர் பெட்டியில் இருந்தது. விலை பெட்டியைப் பொறுத்தது. 1955-ல் அரசாங்கம் அவரை ‘வாழும் தேசியப் பொக்கிஷங்கள்’ எனப்படுவோரின் முதல் வரிசையில் சேர்த்தது. அந்தச் சட்டத்துக்குப் பெயர் வேண்டும். பெயரில்லாதவனைப் பொக்கிஷமாக அறிவிக்க எந்தச் சட்டத்திலும் வழியில்லை. கவாய் அந்தக் கௌரவத்தை மறுத்துவிட்டார்.

மறுத்தவர் இன்னொருவர், கிடஓஜி ரொஸன்ஜின் (1883-1959). மிங்கெய்காரர்களைக் கடுமையாகப் பரிகசித்தவர். டோக்கியோவில் 1925 முதல் ஹொஷிகஓகா என்ற உணவுக்கூடத்தை நடத்தியவர். தம் சமையலுக்கு ஏற்ற தட்டுகள் கிடைக்காததால் சூளை போட்டுத் தாமே செய்யத் தொடங்கினார். பாத்திரம் உணவுக்கு உடை என்பது அவர் கொள்கை. மீன் துண்டு எந்த வளைவில் படுக்கும், பச்சைக் கீரை எந்த மண் நிறத்தின்மேல் துலங்கும் என்று யோசித்தே தட்டு செய்தார். சரித்திரத்தின் வேடிக்கை, உபயோகத்தின் அழகைப் பேசிய யனாகியின் காட்சியகத்தில் கிண்ணங்கள் கண்ணாடிக்குப் பின்னால் காலியாக இருக்கின்றன; அகங்காரி என்று பேரெடுத்த ரொஸன்ஜினின் தட்டுகள்தான் உணவோடு பிறந்தன. ஆனால் அந்த உணவைச் சாப்பிட்டவர்கள் மந்திரிகளும் பணக்காரர்களும்.

6

பெயரின்மையைச் சித்தாந்தமாக அல்லாமல் ஊர்க் கட்டுப்பாடாகவே வைத்திருக்கும் இடம் ஒன்று உண்டு. கியூஷூத் தீவில் ஹிடா நகரைச் சேர்ந்த ஓன்டா. ‘ஸரயாமா’, தட்டுமலை, என்பது உள்ளூர்ப் பெயர். 1705-ல் கொய்ஷிவராவிலிருந்து வந்த குயவன் தொடங்கியது. கொய்ஷிவராவின் தொழிலும் கொரிய வழி வந்ததுதான். சில குடும்பங்களே இந்தத் தொழிலைச் செய்கின்றன. ஒரு வீட்டில் ஒரு மகனே தொழிலுக்கு வருவான். வெளியார் மாணவராகச் சேர முடியாது. மலையில் வெட்டிய மண்ணை ஓடை நீரின் விசையால் இயங்கும் மர உலக்கைகள் இரவும் பகலும் இடிக்கின்றன: உலக்கையின் ஒரு முனையில் குடைந்த பள்ளத்தில் நீர் நிறைகிறது, சாய்கிறது, கொட்டுகிறது, மறுமுனை மண்மேல் விழுகிறது. மண் பொடியாக வாரக்கணக்காகும். யந்திரம் வைத்தால் வேகம் கூடும். ஆனால் ஓடை இடிப்பதற்கு மேல் யாரும் செய்ய முடியாது என்பதாலேயே அங்கே ஒருவர் மற்றவரை விழுங்கும் அளவுக்குப் பெருக முடிவதில்லை. சுழலும் கலத்தின் வெண்மண் பூச்சில் வளைந்த இரும்புத் தகட்டைத் துள்ளவிட்டு வரிசை வரிசையாகக் கொத்தும் வேலைப்பாடு அவர்களுடையது. அடியில் ஊர்ப் பெயர் மட்டும். ஆள் பெயர் கிடையாது.

1931-ல் யனாகி வந்து பார்த்து, தம் கனவு நிஜமாக இருக்கும் ஊர் என்று எழுதினார். 1954-ல் லீச் வந்து தங்கி வேலை செய்தார். அதற்குப்பின் யாத்ரீகர்களைப்போல் ரசிகர்கள் வரத் தொடங்கினார்கள். 1995-ல் அரசாங்கம் ஊரின் தொழிலையே முக்கியமான கலாசார உடைமையாக அங்கீகரித்தது. இம்முறை தனிமனிதருக்கு அல்ல, கூட்டத்துக்கு. 2017 ஜூலைப் பெருமழையில் உலக்கைகளும் மண்ணும் சேதமாயின, மறுபடி எழுப்பினார்கள்.

ஆனால் ஓன்டாவின் பெயரின்மைக்கு விலை உண்டு. இரண்டாவது மகன் ஊரைவிட்டுப் போக வேண்டும். மண்ணைக் கரைத்துச் சலித்துப் பதப்படுத்தும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது, சக்கரம் ஆண்களுடையது. இதில் ஆத்மிகம் எங்கே என்று தேடுவதைவிட, ஓடையும் சூளையும் வாரிசுரிமையும் சேர்ந்து கட்டிய ஒரு பொருளாதாரம் இது என்று பார்ப்பது நேர்மையாக இருக்கும். பெயர் போடாதது அடக்கத்தால் அல்ல, பெயர் போட்டால் பக்கத்து வீட்டோடு ஒரே ஓடையையும் ஒரே சூளையையும் பகிர்ந்துகொள்ள முடியாது என்பதால். இந்தக் காரணம் யனாகியின் காரணத்தைவிடத் தாழ்ந்ததென்று எனக்குத் தோன்றவில்லை.

7

ஹஸாமிக்கு மறுபடி வரலாம். ஓடக்காரர்களின் கிண்ணங்கள் செய்த அதே ஊரில், மோரி மஸஹிரோ (1927-2005) என்ற வடிவமைப்பாளர் 1958-ல் ஒரு சோயா சாறுச் சிறு கெண்டியைச் செய்தார். சிந்தாத மூக்கு, விரல் பிடிக்க ஒடுங்கிய கழுத்து. அச்சில் வார்த்து ஆயிரக்கணக்கில் செய்யும் பீங்கான். ஜப்பானின் சாப்பாட்டு மேஜைகள் தோறும் போயிற்று. கையால் வனைந்ததல்ல என்பதால் மிங்கெய் இலக்கணத்துக்குள் அது வராது. ஆனால் தினசரி உபயோகம், மலிவு, ஏராளம் என்று யனாகி சொன்ன மற்ற லட்சணங்கள் எல்லாம் அதற்குத்தான் பொருந்துகின்றன. இன்று கையால் செய்த கிண்ணம்தான் அரிய பொருளாகவும் விலை கூடியதாகவும் ஆகிவிட்டது. யனாகியின் மகன் ஸோரியே ஆலைகளுக்குப் பாத்திரம் வடிவமைத்தவர். தந்தை ஆரம்பித்த காட்சியகத்துக்கு 1977 முதல் அவரே இயக்குநராகவும் இருந்தார். தந்தையின் சித்தாந்தத்துக்கு வீட்டுக்குள்ளேயே எழுந்த மறுமொழி அது.

ஆயினும் இந்தச் சரித்திரத்தில் மனம் நிலைப்பது யனாகியிடமோ ஹமாடாவிடமோ அல்ல, அஸகாவா தகுமியிடம் (1891-1931). நோரிடாகாவின் தம்பி. கொரியாவில் காலனி அரசின் வனத்துறையில் சிறிய உத்தியோகம். கொரிய மொழி கற்றார், கொரிய உடை உடுத்தினார், நாற்பதாம் வயதில் இறந்து கொரிய மண்ணிலேயே புதைக்கப்பட்டார். இரண்டு சிறு புத்தகங்கள் எழுதினார். ஒன்று கொரியர் சாப்பிட உபயோகிக்கும் சிறு மேஜைகளைப் பற்றியது, 1929-ல் வந்தது. மற்றது அவர் இறந்த 1931-ல் வந்தது; அது கொரிய மட்பாண்டங்களின் பெயர்கள். சோற்றுக்கு எது, சாறுக்கு எது, ஊறுகாய்க்கு எது, சடங்குக்கு எது. ஒவ்வொன்றையும் உபயோகிப்பவர்கள் என்ன சொல்லி அழைக்கிறார்கள், எந்தப் பகுதிக்கு என்ன பெயர் என்று சேகரித்தது. அதில் பரவசம் இல்லை. தேநீர்க் கலை வல்லுநர்கள் சூட்டிய கவித்துவமான பெயர்களை ஒதுக்கிவிட்டு, பாத்திரத்தின் சொந்தப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்ட புத்தகம்.

பெயரின்மையைப் போற்றுகிறவனுக்கும் பெயரைக் கேட்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். முன்னவன் கிண்ணத்தை வீட்டிலிருந்து எடுத்துக் காட்சியகத்தில் வைக்கிறான். அங்கே அது பெயரற்றதாகிவிடுகிறது, பிறகு அந்தப் பெயரின்மையின் அழகை வியக்கிறான். பின்னவன் அது இருந்த அடுப்படிக்குப் போய் உட்கார்ந்து கேட்கிறான். செய்தவனின் பெயர் ஒருவேளை அங்கும் கிடைக்காமல் போகலாம். கிண்ணத்தின் பெயர் கிடைக்கும். யார் அதில் சாப்பிட்டார்கள், எதைச் சாப்பிட்டார்கள் என்பது கிடைக்கும். காலனி அரசின் சம்பளம் வாங்கிய ஒரு சிறிய மனிதர் அவ்வளவைக் கேட்டுவைத்ததால்தான், பிறகு அந்தக் கலங்களைப் பற்றிப் பேச வருகிறவர்கள் வெறும் அழகைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போக முடியாமலிருக்கிறது.